இரண்டு கரிய தேன்சிட்டுகள்

விடிந்து ஒரு நாழிகை ஆனதும் முற்றத்துச் செவ்வரத்தைச் செடியின் கிளைநுனி மெல்ல ஆடும். காற்று இராது. உற்றுப் பார்த்தால், நம் பெருவிரலினும் சற்றே பெரிய கரிய குருவியொன்று பூவின் காம்பைப் பற்றிக்கொண்டு தலைகீழாய்த் தொங்கும். ஒரு பூவிலே ஒரு கணம். மறு பூவிலே மறு கணம். பின்னர்க் கூரிய குரலில் இரண்டு மூன்று முறை கீச்சிட்டுவிட்டு வேலிக்கு அப்பால் மறைந்துவிடும். “தேன்சிட்டு வந்து போகிறது” என்று சொல்லிவிட்டு வீட்டார் தத்தம் அலுவலைப் பார்க்கப் போய்விடுவர். அவர்கள் சொன்னது பிழையன்று. ஆயினும், வந்தது எந்தத் தேன்சிட்டு என்று வினவினால் விடை கூறுவார் மிகச் சிலரே.

நம் தீவிலே வதியும் தேன்சிட்டு இனங்கள் மூன்று. அவற்றுள் ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். முதுகு கருஞ்சிவப்பாகவும், கழுத்து ஊதாவாகவும், வயிறு நல்ல மஞ்சளாகவும் உள்ள ஆண்பறவையைக் கண்டால் அஃது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. வீட்டுத் தோட்டங்களிலே நாம் அடிக்கடி காண்பதும் அதுவே. மஞ்சள் வயிறு அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். வேறெதனோடும் மயங்க இடமில்லை. மயக்கம் தருபவை எஞ்சிய இரண்டுமே. ஒன்று ஊதாத் தேன்சிட்டு. மற்றது லோற்றன் தேன்சிட்டு. இரண்டிலும் ஆண்பறவை தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குக் கன்னங்கரியது. இரண்டும் ஒரே செடிக்கு வரும். இரண்டும் ஓயாது அலையும். பெயரைக் கேட்டு இனங்காணலாம் என்று எண்ணுவோர்க்கு அங்கும் உதவியில்லை. ‘ஊதா’ என்ற அடைமொழி மூன்றுக்கும் ஓரளவு பொருந்தும். பறவைகளுக்குப் பெயரிட்டவர்கள் மாணாக்கரின் வசதியைக் கருதினார்கள் என்று சொல்லுவதற்கில்லை. சிங்களத்தில் தேன்சிட்டுக்கு ‘ரொன் சூட்டிக்கா’ என்பர். ரொன் என்பது மகரந்தம். நாம் தேனைக் கண்டோம், அவர்கள் மகரந்தத்தைக் கண்டார்கள். இரண்டும் அப்பறவைக்கு உரியனவே.

இன்னொன்றையும் இடையிலே சொல்லி வைக்கலாம். சிறுவர்க்கான படப்புத்தகங்களைப் பார்த்துவிட்டுச் சிலர் இப்பறவையை ‘ஹம்மிங் பறவை’ என்று அழைக்கின்றனர். ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. அவை அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சுவன. நம் தேன்சிட்டும் சில வேளை இறக்கையை விரைந்து அடித்து ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும் என்பது உண்மை. ஆனால், காம்பிலோ கிளையிலோ கால் ஊன்றி உண்பதே அதன் இயல்பு. தொழில் ஒன்றாயிருப்பதால் தோற்றம் ஒத்திருக்கிறது, குலம் வேறு.

இனி நம் இரண்டு கரிய பறவைகளுக்கு வருவோம். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குவோர் நாடுவது நிறத்தையே. “இது நீலம், அது பச்சை” என்று குறித்துக்கொள்வர். தேன்சிட்டு விடயத்திலே இவ்வழி உதவாது. ஏனெனில், அங்கே நாம் காணும் நீலமும் பச்சையும் ஊதாவும் சாயத்தால் வந்தவை அல்ல. மாங்குயிலின் மஞ்சள் அதன் இறகிலே உள்ள நிறப்பொருளால் வருவது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மஞ்சளே. தேன்சிட்டின் இறகிலோ நுண்ணிய கருந்தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்திருக்கின்றன. அவ்வடுக்குகளிலே பட்டுத் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் வலுக்கச் சில நிறங்கள் மறைகின்றன. மயிற்றோகையிலும் புறாவின் கழுத்திலும் நாம் காண்பது இத்தகைய ஒளிவிளையாட்டே. சூரியன் இருக்கும் திசையும், பறவை திரும்பும் கோணமும், நாம் நிற்கும் இடமும் மாற மாற நிறமும் மாறும். நிழலில் இருந்தால் காக்கைக் குஞ்சின் கருமை. வெயிலுக்குத் திரும்பினால் நீலம். இன்னும் சிறிது சாய்ந்தால் பச்சையும் ஊதாவும். நம் வீட்டுப் பெண்கள் விரும்பும் மயிற்கழுத்து நிறப் பட்டுப்புடைவையும் இவ்வாறே நிறம் மாறும். ஆனால், அங்கே நெசவாளன் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் இட்டு நெய்தமையால் வந்த மாற்றம் அது. காரணம் வேறு, கண்ணுக்குக் காட்சி ஏறத்தாழ ஒன்று.

ஆகவே, ஒரே பறவையை ஒருவர் நீலமென்றும் மற்றொருவர் பச்சையென்றும் சாதித்தால் இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பறவையை அல்ல, ஒளியைக் குறித்துக்கொண்டார்கள்.

ஒளி ஒருபுறம் இருக்கப் பருவமும் சேர்ந்து நம்மைக் குழப்பும். ஊதாத் தேன்சிட்டின் ஆண்பறவை ஆண்டு முழுவதும் கரிய பளபளப்போடு திரிவதில்லை. இனப்பெருக்க காலம் முடிந்ததும் இறகுகளை உதிர்த்துவிட்டு, மேலே பழுப்பும் கீழே மங்கிய மஞ்சளுமாகப் பெட்டையைப் போல ஆகிவிடும். கல்யாணச் சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு நாலுமுழத்தோடு திண்ணையில் அமரும் மாப்பிள்ளையின் கோலம் அது. ஆனால், ஓர் அடையாளம் மட்டும் எஞ்சும்: மோவாயிலிருந்து வயிறு நோக்கி நடுமார்பின் வழியே இறங்கும் கருங்கோடு. மீண்டும் இறகு முளைக்கும் நாட்களிலே கருமையும் மஞ்சளும் திட்டுத்திட்டாய்க் கலந்து, மை கொட்டுண்ட காகிதம் போலத் தோன்றும். இக்கோலத்திலே அதனைக் கண்டு ‘நாலாவது இனம் ஒன்று கண்டேன்’ என்று ஆரவாரிப்போரும் உளர்.

ஒளியால் மாறாததும் பருவத்தால் உதிராததும் ஆகிய உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் சொண்டு. ஏட்டு வழக்கிலே அலகு என்பர்.

இரண்டு பறவைகளின் சொண்டும் கீழ்நோக்கி வளைந்தவையே. ஆனால், ஊதாத் தேன்சிட்டின் சொண்டு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் நீளமுடையது, வளைவும் அளவானது. லோற்றன் தேன்சிட்டின் சொண்டோ 3 சென்ரிமீற்றரை அண்டும். அரிவாளின் நுனிபோல நன்றாக வளைந்திருக்கும். ஒரு சென்ரிமீற்றர் வேற்றுமையை இருபது அடி தூரத்திலிருந்து எவ்வாறு அறிவது என்று கேட்கலாம். அளவுகோல் பறவையிடமே இருக்கிறது. அதன் தலையை, சொண்டு தொடங்கும் இடம் முதல் பிடரி வரை, மனத்திலே அளந்துகொள்ளுங்கள். சொண்டு தலையின் நீளத்துக்கு ஒத்தோ சிறிது கூடியோ இருந்தால் அது ஊதாத் தேன்சிட்டு. தலையை எடுத்து அடுத்து வைத்தாலும் மிஞ்சும் அளவுக்குச் சொண்டு நீண்டு, ‘இச்சிறு உடலுக்கு இத்தனை பெரிய சொண்டா’ என்ற வியப்பை முதற்பார்வையிலேயே எழுப்பினால் அது லோற்றன் தேன்சிட்டு. சில ஆங்கில நூல்களிலே இதற்கு ‘நீள்சொண்டுத் தேன்சிட்டு’ என்னும் பொருள்படப் பெயர் வழங்கியிருப்பதும் இதனாலேயே. அப்பெயரே எனக்கு விருப்பமானது; பார்ப்பவனுக்கு அது ஒரு வழியையாவது காட்டுகிறது.

சொண்டைப் பார்த்த பின்னர் வயிற்றைப் பாருங்கள். ஊதாத் தேன்சிட்டின் ஆண் தலைமுதல் வயிறுவரை ஒரே கருநீலமாய் இருக்கும். லோற்றன் தேன்சிட்டின் தலையும் மார்பும் பளபளத்தாலும், வயிறு அடுப்புக்கரி படிந்த சட்டியின் அடியைப் போலப் பளபளப்பின்றிக் கரும்பழுப்பாய் இருக்கும், இறக்கையும் பழுப்பே. மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே கருஞ்சிவப்புப் பட்டையொன்று தெளிவாய்த் தெரியும். ஆனால், இப்பட்டை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் ஆகாது. ஊதாத் தேன்சிட்டுக்கும் அவ்விடத்தே ஒடுங்கிய செம்பட்டையொன்று உண்டு. நல்ல வெயிலிலே அதுவும் பளிச்சிடும். பட்டை உண்டா இல்லையா என்று பார்ப்பவர் ஏமாறுவர். சொண்டு, வயிறு, பட்டை என்னும் வரிசையிலே பார்ப்பவர் ஏமாறார்.

பெட்டைகளை இனங்காண்பதே உண்மையான சோதனை. மூன்று இனத்துப் பெட்டைகளும் மேலே பழுப்பு, கீழே மஞ்சள். கழுத்து வெளிறி மார்பு மஞ்சளாயிருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெட்டை என்று தள்ளிவிடலாம். கழுத்திலிருந்தே மங்கிய மஞ்சளாயின், மற்ற இரண்டில் ஒன்று. ஊதாத் தேன்சிட்டின் பெட்டைக்குக் கண்ணுக்கு மேலே மெல்லிய வெளிறிய புருவக்கோடு ஒன்று காணப்படும். லோற்றன் தேன்சிட்டின் பெட்டைக்கு அது இல்லை. ஆனால், அக்கோடு எப்பொழுதும் தெளிவாய்த் தெரிவதன்று. மறுபடியும் சொண்டே கைகொடுக்கும். ஆணுக்குச் சொன்ன அளவு பெண்ணுக்கும் பொருந்தும்.

குரலைக் கொண்டும் பிரித்தறியலாம் என்பர். பழகிய காதுக்கு அஃது உண்மையே. ஊதாத் தேன்சிட்டின் அழைப்பு நுனியில் மேலெழும் ஒரு நீண்ட கீச்சு. லோற்றனின் அழைப்பு உலோகத்தைத் தட்டினாற்போன்ற வறண்ட ‘சிட் சிட்’. இனப்பெருக்க காலத்திலே இரண்டின் ஆண்களும் உச்சிக்கிளையில் ஏறியிருந்து விரைவாய்ப் பாடும். பாட்டை எழுத்திலே எழுதிக் காட்ட நான் முயலவில்லை. எழுதினால் அது சுரம் தப்பிய சங்கீத நோட்டுப்போல ஆகிவிடும்.

லோற்றன் என்பது யார் என்று மாணாக்கர் கேட்பதுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே 1752 முதல் 1757 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த ஜோவான் கிடியன் லோற்றன் என்பவரின் பெயரே இது. கறுவாவையும் யானையையும் எண்ணிக் கணக்கெழுதிய அக்காலத்து அதிகாரிகளிடையே இவர் பறவைகளிலும் விலங்குகளிலும் ஆசை வைத்த ஒருவர். பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு இத்தீவின் பறவைகள் பலவற்றை வர்ணப் படங்களாய் எழுதுவித்தார். பதவி முடிந்து ஐரோப்பா திரும்பி இலண்டனில் வாழ்ந்தபோது அப்படங்களை அறிஞர்க்குக் காட்டினார். அவை படியெடுக்கப்பட்டு அக்காலத்து நூல்களிலும் இடம்பெற்றன. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1766 இல் தமது பெருநூலின் பன்னிரண்டாம் பதிப்பிலே இந்நீள்சொண்டுப் பறவைக்கு லோற்றனின் பெயரைச் சூட்டினார். வெப்பம் தாங்கி இங்கே மரநிழலில் இருந்து தூரிகை பிடித்தவர் டி பெவெரே. பறவையின் பெயரிலே நிலைத்தவர் தேசாதிபதி. இஃது உலக வழக்கு.

இவ்வரலாற்றிலே நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. லின்னேயஸ் தேன்சிட்டுகளை ஐரோப்பாவின் மரமேறிக் குருவிகளோடு ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்தார். மரப்பட்டையின் இடுக்கிலே பூச்சி தேடும் அக்குருவிக்கும் மெல்லிய வளைந்த சொண்டு உண்டு. சொண்டின் வளைவைக் கண்டு உறவு கற்பித்தார் அப்பெரியார். 1790 இல் ஊதாத் தேன்சிட்டுக்குப் பெயரிட்ட ஜோன் லேதம் என்ற ஆங்கிலேயரும் அதே பேரினத்திலேயே அதனை வைத்தார். பின்வந்தோர் அதனை மாற்றித் தேன்சிட்டுகளைத் தனிக் குடும்பமாக்கினர். சொண்டு ஒரு பறவையின் குலத்தைச் சொல்லுவதில்லை. அதன் பிழைப்பைச் சொல்லுகிறது. ஒரே குலத்து இரு பறவைகள் உடையிலும் அளவிலும் ஒத்திருக்கும்போது, அவற்றின் பிழைப்பிலே உள்ள வேற்றுமைதான் நமக்கு அடையாளமாய் உதவுகிறது.

அப்பிழைப்பை இனிச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தேன்சிட்டின் நாக்கு நீண்டு, ஓரங்கள் சுருண்டு குழாய்போல் ஆகி, நுனியில் பிளவுபட்டிருக்கும். சொண்டு பூவுக்குள்ளே வழிகாட்ட, நாக்கு அதற்கப்பாலும் நீண்டு தேனை ஏற்றுக்கொள்ளும். குழல் நீண்ட பூவிலே தேன் அடியில் இருக்கும். நீள்சொண்டுக்கு அது எட்டும், குறுஞ்சொண்டுக்கு எட்டாது. எட்டாவிட்டால் பசியோடு திரும்பிப் போகும் பறவை அன்று தேன்சிட்டு. பூவின் அடியை வெளியிலிருந்து குத்தித் துளையிட்டு, அவ்வழியே நாக்கை விட்டுத் தேனை எடுத்துவிடும். நம் முற்றத்துச் செவ்வரத்தைப் பூக்கள் சிலவற்றின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ஊசியாற் குத்தினாற்போன்ற கீறல் தெரியும். மரபான வழியால் வரும் பறவையின் நெற்றியிலே மகரந்தம் படியும். அது அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். கன்னமிட்டு நுழையும் பறவையாற் பூவுக்கு ஒரு பயனுமில்லை. தேன் கொடுத்த பூ ஏமாந்தது. எனினும், இவ்விரு தொழிலும் ஒரே பறவைக்கே உரியவை. காலையிலே முள்முருக்கம் பூவில் நேர்மையாய் உண்டு மகரந்தம் சுமந்த பறவைதான் மாலையிலே செவ்வரத்தையைக் கன்னமிடும். மரங்களிலே ஒட்டி வாழும் குருவிச்சை பூக்கும் காலத்திலும் தேன்சிட்டுகள் அங்கே கூடக் காணலாம். தோட்டக்காரன் வெறுக்கும் அச்செடிக்கு அவை மகரந்தத் தூதர்.

தேன் மாத்திரம் அதன் உணவு என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்பு நீரினால் ஓடியாடலாம். உடல் வளர்க்க இயலாது. சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் அது ஓயாது பொறுக்கும். குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் அவற்றையே. லோற்றன் தேன்சிட்டு தன் நீள்சொண்டைக் குறடுபோல் நீட்டிச் சிலந்திவலையின் நடுவிலிருந்து சிலந்தியை எடுப்பதை ஒருமுறை கண்டவர் அதன் சொண்டை மறக்கமாட்டார். ஆண்கள் கோபக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இனப்பெருக்க காலத்து ஊதாத் தேன்சிட்டு, முற்றத்திலே நிறுத்திய மோட்டார்ச் சைக்கிளின் பக்கக் கண்ணாடியிலே தன் உருவைக் கண்டு, எதிரி என்று எண்ணி மணிக்கணக்காய்க் கொத்திப் போரிடும். கண்ணாடி மேல் ஒரு துணிப்பையை மாட்டிவிட்டால் போர் நின்றுவிடும்.

எந்த இடத்தில் எந்தப் பறவை என்பதும் ஓரளவு வழிகாட்டும். லோற்றன் தேன்சிட்டு இந்தியாவின் தென்பகுதிக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. உலகில் வேறெங்கும் இல்லை. ஊதாத் தேன்சிட்டோ அரபுக் கரையிலும் ஈரானிலும் தொடங்கி, இந்தியா கடந்து, தென்கிழக்காசியா வரை பரந்து வாழ்கின்றது. நம் தீவுக்குள்ளே வறண்ட வலயத்துத் தாழ்நிலங்களில் ஊதாத் தேன்சிட்டு மிகுதி. ஈர வலயத்திலும் மலைநாட்டுச் சரிவுகளிலும் லோற்றன் மிகுதி. எனவே, வடக்கிலே வேலியோரம் கரிய தேன்சிட்டைக் கண்டால் முதலில் ஊதாவை நினைப்பதும், கண்டியிலோ கொழும்பிலோ கண்டால் லோற்றனை நினைப்பதும் நியாயமே. ஆனால், அது நினைப்பு மாத்திரமே, சான்றன்று. சிறகுள்ள பிராணி நம் வலயக் கோடுகளை மதிக்க வேண்டும் என்ற நியதியில்லை. பூ இருக்கும் இடத்துக்கு அது வரும்.

இங்கேதான் மாணாக்கரின் பொறுப்பு வருகிறது. ஜி. எம். ஹென்றி தாமே படங்கள் வரைந்து எழுதிய இலங்கைப் பறவைகள் பற்றிய கைநூல் 1955 இல் வெளிவந்தது. அதற்கு முன் 1925 இல் வெயிற் எழுதிய நூலும், 1878 முதல் 1880 வரை லெக் வெளியிட்ட பெருநூலும் இருந்தன. இவர்கள் எந்த மாவட்டத்தில் எந்தப் பறவையைக் கண்டார்கள் என்று குறித்த குறிப்புகளே நம் அறிவுக்கு அடித்தளம். பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்த காலத்திலே வடகிழக்கின் பல இடங்களுக்குப் பறவை பார்ப்போர் போக இயலாதிருந்தது. இன்று நிலைமை வேறு. பள்ளி மாணவன் ஒருவன் தன் வீட்டு வேலியிலே கண்ட பறவையைக் கைப்பேசியிற் படமெடுத்து, உலகப் பறவைப் பதிவேட்டிலே அன்றே சேர்த்துவிடலாம். வசதி பெரிது, அதனால் வரும் பிழையும் பெரிது. வறண்ட குடாநாட்டிலே ‘லோற்றன்’ என்று ஒருவர் எழுதினால், பத்து வருடம் கழித்து அதனைப் படிப்பவர் இப்பறவை வடக்கே பரவிவிட்டது என்றோ காலநிலை மாறிவிட்டது என்றோ முடிவு கட்டலாம். முடிவின் அடியிலே இருப்பது மாலை வெயிலில் எடுத்த மங்கிய படம் ஒன்றாயிருக்கும்.

அத்தகைய படம் ஒன்றைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் கொண்டு வந்தான். முள்முருக்கம் பூவிலே கரிய பறவையொன்று. தலை முழுவதும் பூவுக்குள்ளே.

“சேர், இது எது?” என்றான்.

“நீ என்ன எழுதியிருக்கிறாய்?”

“லோற்றன் என்று எழுதினேன். மார்பிலே சிவப்புத் தெரிந்தது.”

“சொண்டைப் பார்த்தாயா, தம்பி?”

“அது பூவுக்குள்ளே இருந்தது, சேர்.”

“பிறகு வெளியே எடுத்திருக்குமே?”

அவன் சிரித்தான். படம் கிடைத்தவுடன் அவன் வீட்டுக்குள்ளே போய்விட்டான். மறுநாள் அதே மரத்தடியில் இருபது நிமிடம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு, “குறுஞ்சொண்டு சேர், வயிறும் கருநீலம்” என்று வந்து சொன்னான். பதிவையும் தானே திருத்திவிட்டான். அவன் கொப்பியிலே இப்பொழுது பறவையின் பெயருக்கு முன்னே ‘சொண்டு’ என்று ஒரு நிரல் கீறப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத இடத்திலே ‘தேன்சிட்டு, இனம் தெரியவில்லை’ என்று எழுதவும் அவன் கூசுவதில்லை. வெறும் ஊகத்தினும் அக்குறிப்பு நூறு மடங்கு பெறுமதி வாய்ந்தது.

பார்ப்பதற்குப் பூக்கள் வேண்டும் என்பதும் உண்மை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நின்ற வேலிகள் இருந்த இடத்திலே மதில்கள் எழுந்துவிட்டன. மதிலிலே தேன் இல்லை. ஆனால், மதிலுக்கு உட்புறம் ஒரு செவ்வரத்தையும், ஒரு மாதுளையும், கிணற்றடியிலே நாலு வாழையும் இருந்தாற்கூடத் தேன்சிட்டு வந்துவிடும். வாழைப்பொத்தியின் மடல் ஒவ்வொன்றாய் விரியும் நாட்களிலே அது தவறாது வரும். சன்னலோரம் ஒரு கதிரையை இட்டு அமர்ந்தாற் போதும். விலையுயர்ந்த தொலைநோக்கி தேவையில்லை. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்குமாறு அமர்தல் நலம். எதிர்வெயிலிலே எல்லாத் தேன்சிட்டும் கறுப்பே.

கூடு கட்டுவது பெட்டையின் வேலை. நார், உலர்ந்த இலைத்துண்டு, மரப்பட்டைச் சிதைவு முதலியவற்றைச் சிலந்தி நூலாற் பிணைத்து, தாழ்ந்த கிளையிலிருந்து தொங்கும் பையாக அதனை அமைக்கும். பக்கத்திலே ஒரு வாயில். தூரத்திலிருந்து பார்த்தால், காற்றில் அடிபட்டுச் சிக்கிய குப்பை என்றே தோன்றும். அவ்வாறு தோன்ற வேண்டும் என்பதே அதன் உபாயம். விறாந்தையின் மின்கம்பியிலும் உடுப்புக் காயப்போடும் கொடியிலும் இக்கூடு தொங்குவதுண்டு. பெருநாளுக்கு வீடு கழுவும்போது குப்பையென்று அதனை அறுத்தெறியாமல், உள்ளே இருப்பது யார் என்று சற்றே பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை பெரும்பாலும் இரண்டு, அடைகாப்பவள் பெட்டை.

கூட்டைவிட்டு வெளிவந்த குஞ்சு விடயத்திலே, நான் இதுவரை சொன்ன சொண்டு இலக்கணம் சில நாட்களுக்குச் செல்லாது. குஞ்சின் சொண்டு முழு வளர்ச்சி பெற நாட்கள் ஆகும். லோற்றன் தேன்சிட்டின் குஞ்சு குறுஞ்சொண்டோடு கிளையிலே அமர்ந்திருக்கும்போது ஊதாத் தேன்சிட்டின் பெட்டை என்று எளிதிலே மயங்கலாம். வாயோரம் இன்னும் மஞ்சளாய் மென்மையாயிருப்பதும், வால் குட்டையாயிருப்பதும், ஓரிடத்திலேயே இருந்து இறக்கையை நடுக்கிக் கத்துவதும் குஞ்சின் அடையாளங்கள். அதனைக் கண்டால் உடனே பெயர் எழுதாதீர்கள். எட்ட நின்று, அசையாது, சில நிமிடம் பொறுத்திருங்கள். வாயிலே ஒரு சிலந்தியோடு தாய் வந்து சேருவாள். அவளுடைய சொண்டைப் பாருங்கள்.